சித்தி மகளுக்குத் தட்டணு கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்காகப் பாளையங்கோட்டையில் சிகிச்சை பெறும் என் சித்தி மகளுக்குத் தட்டணு (ரத்தம் உறைய உதவும் ‘பிளேட்லெட்’) தானம் செய்ய விரும்புகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். கொடுக்கலாமா?

பதில்: அம்மாவின் அச்சத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் ரத்தத்திலிருந்து தட்டணுக்களையும் சிறிதளவு பிளாஸ்மாவையும் மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, சிவப்பணுக்களை உங்கள் உடலுக்கே இயந்திரம் திருப்பி அனுப்பிவிடுவதால், முழு ரத்தம் கொடுத்தபின் வரும் தளர்ச்சிகூட இதில் பெரும்பாலும் இருப்பதில்லை; எடுத்த தட்டணுக்களைச் சில நாட்களில் உடல் ஈடுசெய்துவிடும். ஒன்றரை மணி நேரம் வரை படுத்திருக்க நேரலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டினால் உதட்டிலும் விரல் நுனியிலும் மதமதப்புத் தோன்றினால், பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

ஆனால் முழு ரத்தம் கொடுத்தவர் 28 நாட்கள் கழிந்த பிறகே தட்டணு கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே நீங்கள் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறையாமலும், தட்டணு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முந்தைய மூன்று நாட்களில் ஆஸ்பிரின் கலந்த மாத்திரை எதையும் சாப்பிடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நோயாளி உங்கள் ரத்த உறவு என்பதை ரத்த வங்கியில் கட்டாயம் சொல்லுங்கள். உறவினரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலில் அந்நியமாக அறியப்படாமல் தங்கிப் பெருகி, அவருடைய திசுக்களையே தாக்கும் ஆபத்து உண்டு. அரிதானது என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் மரபணு ஒற்றுமை மிகுதி என்பதால், இந்த எச்சரிக்கை இங்கே இன்னும் பொருந்தும். உறவு தெரிந்தால், அந்த வெள்ளணுக்கள் பெருகாதபடி தட்டணுப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபின் ஏற்றுவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றும் திட்டம் இருந்தால், உறவினர் தட்டணுவே வேண்டாம் என்றும் மருத்துவர் சொல்லக்கூடும்.

அதனால் இந்த ஒரு வாரத்தில், உறவல்லாத நண்பர்கள் மூன்று நான்கு பேரைத் திரட்டிவையுங்கள். தட்டணுப் பை ஐந்து நாட்களுக்கு மேல் தாங்காது என்பதால் எல்லாரும் ஒரே நாளில் கிளம்பிப் போக வேண்டாம். ரத்த வங்கியில் கேட்டு, ஆளுக்கொரு தேதியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.