‘ஜீ’ என்றால் சம்மதம் அல்ல

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 34 பேர். அவர்களில் 9 பேர், பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள். அதில் ஒரு பையன் சேர்ந்து ஆறு மாதமாகியும் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். தீபாவளி முடிந்த பிறகு இரண்டு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. அவன் அம்மாவை வரவழைத்துக் கண்டிப்பாகவே பேசினேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவனுடைய அக்காதான் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஜீ, ஜீ’ என்று தலையாட்டிவிட்டுப் போனார், எதுவும் மாறவில்லை. “இவங்க பழக்கமே இப்படித்தான்” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். இவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கு இவர்களுடைய பண்பாட்டைப் பற்றி நான் எதைப் படிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால், ‘பீகார்க்காரர்களின் குணங்கள்’ என்று எங்காவது நாலு பக்கம் படித்துவிட்டு அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தால், உங்கள் சக ஆசிரியர்கள் சொல்லும் ‘இப்படித்தான்’ என்பதையே சற்றுக் கண்ணியமான சொற்களில் நீங்களும் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். பொதுவாகத் தெரிந்துவைத்திருப்பது, என்ன கேட்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு மட்டுமே பயன்படும். விடையை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு வாரத்தையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரில் சட் பூஜை. நான்கு நாள் நடக்கும் அந்தச் சூரிய வழிபாட்டில், விரதமிருப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், ஏறக்குறைய 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, மாலைச் சூரியனுக்கும் மறுநாள் காலைச் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம், அதாவது நீர்ப் படையல், கொடுப்பார். இங்கிருந்து ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே அவர்கள் ஊருக்குப் போயிருக்கலாம் என்று நான் ஊகிக்கலாம். ஆனால், அது ஊகம்தான். வேலை போயிருக்கலாம், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், பீகாரிலேயே சட் கொண்டாடாத குடும்பமாகவும் இருக்கலாம். “ஏன் வரவில்லை?” என்று நீங்கள் கேட்டீர்களா, அல்லது “இப்படி வராமல் இருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னீர்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

அடுத்தது அந்த ‘ஜீ’. இந்தியில் அதற்கு ‘ஆம்’ என்ற பொருள் உண்டு. ஆனால் மரியாதைக்குரியவர் பேசும்போது ‘சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள். உங்கள் கொங்குப் பக்கத்தில் பெற்றோர் “சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்களே, அத்தனையும் சம்மதம் என்றா எடுத்துக்கொள்கிறீர்கள்?

அதைவிட என்னை உறுத்துவது, அக்காவை மொழிபெயர்க்க வைத்ததுதான். தம்பியின் குறையை ஆசிரியை சொல்ல, அதை அம்மாவிடம் மகளே எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மா சொல்லும் வீட்டுக் கஷ்டத்தை ஆசிரியையிடம் அவளே கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் இரண்டு பக்கமும் கூர்மையானவற்றை மழுக்கித்தான் சொல்லியிருப்பாள். பெரியவர்களே தடுமாறுகிற வேலை இது. நான் ஒரு மருத்துவமனையில் வேலையில் இருந்தபோது, “கப்ராஹட்” என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னதை, உடனிருந்தவர் ‘பயம்’ என்று மொழிபெயர்த்தார். எதைக் கண்டு பயம் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சொன்னது நெஞ்சுப் படபடப்பையும் இருப்புக்கொள்ளாமல் தவிப்பதையும் என்பது பிறகுதான் புரிந்தது.

எனவே, வயது வந்த ஒருவரைத் தேடுங்கள். அவர்களை வேலைக்கு அழைத்துவந்த ஏஜென்ட்டோ மேஸ்திரியோ வேண்டாம். அவர் முன்னால் அந்த அம்மா உண்மையைச் சொல்ல வாய்ப்பில்லை. அதே லைன் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்து தமிழ் பழகிய பெண் ஒருவர் கிடைத்தால் நல்லது. அவரையும் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அழையுங்கள். பேசும்போது மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசுங்கள்.

பையனின் மௌனத்துக்கு வருகிறேன். புதிய மொழிக்குள் வந்து விழும் குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது மொழிக் கல்வியாளர்களுக்குப் பழகிய விஷயம். அன்றாடப் பேச்சு வருவதற்கு இரண்டு ஆண்டு வரையும், பாடப்புத்தக மொழி கைவருவதற்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம் என்பது கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸின் ஆய்வு முடிவு. அவன் வீட்டில் பேசுவது இந்திதானா என்பதையும் கேளுங்கள். போஜ்புரி, மைதிலி, மகஹி ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் தமிழ் அவனுக்கு மூன்றாவது மொழி. இந்தியை எழுதும் தேவநாகரி எழுத்துமுறையில் ‘க’ வரிசையில் நான்கு எழுத்து, நான்குக்கும் தனித்தனி ஒலி. கரும்பலகையில் நீங்கள் எழுதும் ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிப்பதைக் கேட்டு அவன் எந்த நம்பிக்கையில் வாயைத் திறப்பான்? இதை ஒரு நாள் அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள். தலையைக் குனிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் வீடுகளிலும் பெரியவர் அதட்டினால் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால், இடைவேளையில் மைதானத்தில் அவனைக் கவனியுங்கள். மற்ற எட்டுப் பேரோடு அவன் மொழியில் கத்தி விளையாடுகிறான் என்றால் பொறுத்திருக்கலாம். அங்கும், வீட்டிலும், தன் மொழியிலேயே பேசுவதில்லை என்றால் அது மொழிப் பிரச்சினை அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டில், பண்பாட்டுப் பின்னணியை அறிவதற்கென்று 16 கேள்விகள் இருக்கின்றன. ‘இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் எப்படிச் சொல்வீர்கள்?’ என்பது அவற்றில் ஒன்று. உங்களுக்கு அதுவே போதும். ஊரிலிருக்கும் பாட்டியிடம் பையனைப் பற்றிப் போனில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் இருங்கள். அந்த அம்மாவுக்கே மனம் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால், அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐக் கொடுங்கள். அதில் இந்தியிலும் பேசலாம்.

அன்றைக்கு மொழிபெயர்ப்பதற்காக வகுப்பை விட்டு வந்த அக்காவிடம், இந்த ஊரும் பள்ளியும் அவளுக்கு எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நாளைக்கே அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.