சட்டக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அம்பாசமுத்திரத்தை அடுத்த கிராமத்திலிருந்து தினமும் திருநெல்வேலிக்குப் பேருந்தில் வந்து போகிறேன். அப்பா நெல் பயிரிடுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார், உறவில் வழக்கறிஞர் என்று ஒருவர்கூட இல்லை. கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டும் பிரிவு இருக்கிறது, ஆனால் நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பதில்லை. அந்தப் பிரிவால் என்னைப் போன்ற மாணவிகளுக்குப் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வகையில் அன்று. நிறுவனத்தார் கல்லூரிக்கு வந்து, ஒரே நாளில் தேர்வு வைத்து, மாலையில் பட்டியல் ஒட்டிவிட்டுப் போவது பொறியியல் கல்லூரிகளில் வளர்ந்த வழக்கம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஒரு சீனியர் வழக்கறிஞர் அப்படி யாரையும் எடுப்பதில்லை. நான்கு வாரம் தம் அலுவலகத்துக்கு வந்து, வழக்குக் கட்டுகளை ஒழுங்காகப் படித்து, வாய்தாத் தேதியைத் தவறாமல் குறித்து வைத்த மாணவரைத்தான் அவர் பின்னாளில் ஜூனியராக அழைக்கிறார். ஆகவே அந்தப் பிரிவிடம் வேலையைக் கேட்காமல், அந்த நான்கு வாரத்துக்கான வழியைக் கேட்க வேண்டும். வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்குத் தந்தையின் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து தருவதை, உங்களுக்குக் கல்லூரியின் கடிதமும் பேராசிரியரின் அறிமுகமும் செய்து தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

கேட்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். "ஏதாவது இன்டர்ன்ஷிப் இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று கேட்டால், பிரிவின் பொறுப்பாசிரியரால் "பார்க்கலாம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. பாகப்பிரிவினை வழக்குகளும் சொத்துரிமை வழக்குகளும் நடத்தும் ஒரு சிவில் வழக்கறிஞரிடம், இன்ன தேதி முதல் நான்கு வாரம் பயிற்சி பெற வேண்டும் என்று பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால், பொறுப்பாசிரியர் மனத்தில் உடனே இரண்டு பெயர்களாவது வரும். தேதியையும் யோசித்துக் குறிப்பிடுங்கள். கல்லூரி விடுமுறை என்பதற்காகப் பெரும்பாலோர் மே மாதத்தைக் கேட்கிறார்கள். அந்த மாதத்தில் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. அப்போது போனால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வாதுரை எழுதுவதைக் கற்கலாமே தவிர, சாட்சி விசாரணையைப் பார்க்க முடியாது. விசாரணையைப் பார்க்க விரும்பினால் பருவத் தேர்வு முடிந்து, நீதிமன்றங்கள் நடக்கும் நாட்களில் வரும் விடுமுறையைக் கேளுங்கள், அல்லது மே மாதத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒருவரிடம் செல்லுங்கள்.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். இந்த 20 வாரத்தைச் சான்றிதழுக்காக மட்டும் கழித்து, பயிற்சி நாட்குறிப்பைத் தோழியின் நாட்குறிப்பிலிருந்து பார்த்து எழுதும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. வழிகாட்ட ஆளில்லாத மாணவருக்கு இந்த விதி திறந்து வைத்திருக்கும் ஒரே கதவை அது அடைத்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் வாரங்களில் ஒரு பகுதியைப் பாளையங்கோட்டையிலும், ஒரு பகுதியை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் செலவிடுங்கள். 2004 ஜூலையில் அந்தக் கிளை தொடங்குவதற்கு முன் நம் மாவட்டத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீடு ஒவ்வொன்றும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. இன்று காலைப் பேருந்தில் போய் இரவுக்குள் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. இங்கே சாட்சி சொல்லப்பட்ட ஒரு வழக்கு அங்கே எப்படி வாதிடப்படுகிறது என்பதை ஒரு முறை பார்த்தவர், அடுத்த முறை சாட்சியைக் குறிப்பெடுக்கும் விதமே மாறிவிடும்.

வேலைவாய்ப்புப் பிரிவின் உண்மையான செல்வம் முன்னாள் மாணவர் பட்டியல்தான். உங்கள் கல்லூரியில் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்து, இன்று நீதித் துறையிலோ, அரசு வழக்கறிஞராகவோ, வங்கியின் சட்ட அலுவலராகவோ இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். பட்டியல் எழுதி வைக்கப்படவில்லை என்றால், ஆசிரியர்களின் நினைவிலிருந்து அதைத் தொகுக்கும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வேலையே உங்களை இருபது பேருக்கு அறிமுகப்படுத்திவிடும். அவர்களிடம் முதல் பேச்சிலேயே வேலை கேட்க வேண்டாம். எந்தத் தேர்வை எப்போது எழுதினார்கள், முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானத்துக்கு என்ன செய்தார்கள், இப்போது மாணவராக இருந்தால் எதை முன்கூட்டியே கற்றிருப்பார்கள் என்று கால் மணி நேரம் கேளுங்கள். நம் ஊரில் படித்து மேலே வந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மனம் திறந்து பதில் சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதில் ஒரு செய்தியைக் கட்டாயம் சேருங்கள். பழைய கிரயப் பத்திரம், அடங்கல், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தமிழில் படித்து, சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தர உங்களால் முடியுமானால், வங்கிக் கடனுக்குச் சட்டக் கருத்துரை எழுதும் வழக்கறிஞரும், காற்றாலைக்கு நிலம் எடுக்கும் நிறுவனமும், மதுரைக் கிளையில் மேல்முறையீடு தயாரிப்பவரும் உங்களைத் தேடுவார்கள். விவசாயக் குடும்பத்துப் பெண்ணான உங்களுக்குப் புஞ்சை, நஞ்சை, பொதுக் கிணற்றுப் பங்கு, வாய்க்கால் பாத்தியம் போன்ற சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் வளர்ந்த பலருக்கு அது எளிதில் வராது. உங்கள் வீட்டுப் பத்திரத்தையே எடுத்து இவ்வாறு ஒரு குறிப்பு எழுதி, ஆசிரியரிடம் திருத்தம் வாங்கி, மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை மறந்துவிடாதீர்கள். சட்ட மாணவர்கள் அங்கே சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாகச் சேர விண்ணப்பிக்கலாம். மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் எப்படிப் பேசி முடிக்கப்படுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கலாம். வழக்கறிஞராகப் பதிவு செய்த பின், வசதியில்லாத குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட அதே அமைப்பு நடத்தும் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞர் பணிக்கு அனுபவம் குறைந்தவர்களும் விண்ணப்பிக்க முடியும்.

இனிக் காலக்கணக்கு. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. அகில இந்தியப் பார் தேர்வுக்கு முன் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த அனுபவம் கணக்கிடப்படும், நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும் என்றும் அதில் சொல்லப்பட்டது. நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரும் சான்றோ, குறைந்தது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து அந்த அலுவலர் மேலொப்பமிட்ட சான்றோதான் அதற்கு ஆதாரம் என்பதால், நீங்கள் எந்த அலுவலகத்தில் சேர்கிறீர்கள் என்பது முன்னெப்போதையும்விட முக்கியமாகிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு அனுபவம் தேவை. வங்கிச் சட்ட அலுவலர் தேர்வுக்கு அத்தனை காத்திருப்பு இல்லை. பட்டமும் பார் கவுன்சில் பதிவும் போதும். ஆகவே பட்டம் கைக்கு வந்ததும் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலைத் தீர்ப்பின்படி சட்டப்பூர்வப் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஒவ்வோர் அறிவிக்கை வந்ததும் மாணவர்களுக்குத் தெரிவிக்குமாறு வேலைவாய்ப்புப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் கிடைக்கும்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய இடங்களில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புமாறு 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா அலுவலகங்களும் அதைத் தருவதில்லை; ஆயினும் கேட்பதற்கு உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில் பேருந்துக் கட்டணம்கூடக் கிடைக்காத மாதங்கள் இருந்தன. அதைப் பெருமையாகச் சொல்லிப் புதியவர்களையும் பட்டினி போடும் மனப்பான்மையை நான் ஏற்பதில்லை.

சேருமுன் மாலை நேரத்தையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பல அலுவலகங்களில் வழக்காடும் கட்சிக்காரர்கள் இரவு ஒன்பது மணி வரை வருவார்கள். உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லி, அதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று முதல் நாளிலேயே கூறிவிட்டால் நல்ல சீனியர் யாரும் தவறாக எண்ண மாட்டார். பயிற்சி இடத்தில் முறையற்ற நடத்தை நேர்ந்தால் பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும், பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் அலுவலகங்கள் குறித்த புகாரை மாவட்ட அளவிலான குழு விசாரிக்கும். மாணவிகளை எந்த அலுவலகத்துக்கு அனுப்பலாம், எங்கே அனுப்பக் கூடாது என்ற அறிவு பொறுப்பாசிரியரிடம் இருக்கும். கடிதம் வாங்கப் போகும்போது அதையும் நேராகக் கேளுங்கள்.