தீ ஏன் உறுமுது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கேஸ் டர்பைன்லயும் ராக்கெட் எஞ்சின்லயும் தீ திடீர்னு உறும ஆரம்பிச்சு எஞ்சினையே சேதப்படுத்திடும்னு படிச்சேன் சார். அதை நியூரல் நெட்வொர்க் வச்சு அடக்குறாங்களாமே, எப்படி?

பதில்: தீ வெட்டவெளியில எரிஞ்சா இந்தப் பிரச்சினை இல்லீங்க, மூடின சேம்பருக்குள்ள எரியிறதாலதான் வருது. தீ லேசா தடுமாறினா வெப்பம் ஏறி இறங்கும், அது சத்தமா மாறி சுவத்துல மோதி திரும்பி வரும், வந்த சத்தம் உள்ள வர்ற காத்தையும் எரிபொருளையும் ஆட்டி மறுபடி தீயைத் தடுமாற வைக்கும். பிரஷர் ஏறுற நேரத்துலயே வெப்பமும் ஏறிச்சுன்னா எரியிற தீயில எண்ணெய் ஊத்துன கதைதான், ஒவ்வொரு சுத்துக்கும் ஆட்டம் பெருசாகிட்டே போகும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலே இதை 1878லயே சொல்லிட்டார்.

நிலவுக்கு ஆளை அனுப்பின சாட்டர்ன் 5 ராக்கெட்டோட எஃப்-1 எஞ்சின்ல இது பெரிய தலைவலியா இருந்துச்சு. 1960கள்ல எரியிற சேம்பருக்குள்ளயே சின்ன குண்டு வெடிக்க வச்சு, ஆட்டம் தானா அடங்குதான்னு பார்த்து பார்த்து, எரிபொருள் பீய்ச்சுற தட்டுல தடுப்புச் சுவர் வச்சு சரி பண்ணாங்க. டர்பைன்ல வேற காரணம். நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்கணும்னு எரிபொருளைக் கம்மியா, காத்தோட நல்லா கலந்து எரிக்கிறாங்க, அந்த மெலிஞ்ச தீ சீக்கிரம் ஆட ஆரம்பிச்சிடும்.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். சென்சார் பிரஷரைக் கேக்கும், அதுக்கு எதிரா வால்வ் எரிபொருளைத் துளித்துளியா கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான் ஐடியா. கஷ்டம் எல்லாம் நேரத்துலதான் இருக்கு. உறுமல் 200 ஹெர்ட்ஸ்னா, அதாவது செகண்டுக்கு 200 சுத்துன்னா, ஒரு சுத்துக்கு 5 மில்லி செகண்ட், வால்வ் விட்ட எரிபொருள் தீயைப் போய்ச் சேர 4 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வைங்க, நீங்க இப்ப அனுப்புறது அடுத்த சுத்து வரப்போற நேரத்துலதான் வேலை செய்யும். கணக்கு 2.5 மில்லி செகண்ட் தப்பினா போதும், அடக்க வேண்டிய வால்வே ஆட்டத்தை வளர்த்து விட்டுடும். லோடு மாறினாலோ எரிபொருள் மாறினாலோ இந்தத் தாமதமும் மாறிடுது, ஒரே செட்டிங்ல பூட்டி வச்ச கன்ட்ரோலர் அங்கதான் தோத்துப்போகுது.

நியூரல் நெட்வொர்க், அதாவது டேட்டாவைப் பார்த்துத் தானே கத்துக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம், வர்ற இடம் அதுதான். ஒரு நெட்வொர்க், கடைசி சில சுத்தோட பிரஷரையும் வால்வுக்குப் போன கட்டளையையும் பார்த்து அடுத்து பிரஷர் என்னவா இருக்கும்னு சொல்லக் கத்துக்கும். இன்னொண்ணு அந்தக் கணிப்பை வச்சு வால்வுக்குக் கட்டளை தயார் பண்ணும், மிச்சம் இருக்கிற ஆட்டத்தை தப்புன்னு எடுத்துக்கிட்டு தன்னைத் திருத்திக்கும்.

கேள்வி: அப்ப முழுப் பொறுப்பையும் அதுகிட்டயே விட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க. அமைதியான தீயோட டேட்டால மட்டும் ட்ரெயின் ஆன நெட்வொர்க்குக்கு உறுமல் எப்படி இருக்கும்னே தெரியாது, ஆனா பதில் மட்டும் தயங்காம குடுக்கும். உறும விட்டு டேட்டா எடுக்கலாம்னா எஞ்சின் தாங்கணும். ஆட்டம் பெருசாக சில பத்து சுத்தே போதும், அதுக்குள்ள நெட்வொர்க் புதுசா கத்துக்கிறது கஷ்டம். அதனால வேகமான வேலையை சாதாரண கன்ட்ரோலர் பார்த்துக்கட்டும், அதோட தாமதத்தையும் அளவையும் மட்டும் நெட்வொர்க் நிதானமா திருத்தட்டும்னுதான் நான் சொல்லுவேன். வால்வ் எவ்வளவு திறக்கலாம்னு கறாரா ஒரு எல்லையும் வேணும். இன்னொண்ணு, ஒரு அதிர்வெண்ணை ரொம்ப அழுத்தினா பக்கத்துல வேறொண்ணு தலைதூக்கும், அதையும் கண்காணிக்கணும்.

கேள்வி: இதை ப்ராஜெக்ட்டா செஞ்சு பார்க்க முடியுமா?

பதில்: தாராளமா செய்யலாம். 1859ல டச்சு இயற்பியலாளர் ரைக்கே காட்டின குழாயே போதும். ரெண்டு பக்கமும் திறந்த 1 மீட்டர் குழாயை நிக்க வச்சு, கீழேருந்து கால்வாசி உயரத்துல கம்பிச்சுருளை மின்சாரத்துல சூடாக்குங்க, கிட்டத்தட்ட 170 ஹெர்ட்ஸ்ல, சூட்டைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் மேல, தானா பாட ஆரம்பிக்கும். கீழ் வாய்கிட்ட சின்ன ஸ்பீக்கர், நடுவுல பக்கத்துளை போட்டு மைக். முதல்ல நெட்வொர்க்கே வேண்டாம், மைக் சிக்னலைத் தாமதிச்சு ஸ்பீக்கருக்குக் குடுத்து அந்தத் தாமதத்தை மெதுவா மாத்திட்டே வாங்க. ஒரு இடத்துல சத்தம் அப்படியே அடங்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினா முன்னைவிட பலமா கத்தும். அதைக் காதால கேட்டுட்டு அப்புறம் நெட்வொர்க்கை இறக்குங்க. மைக்கை மட்டும் மேல் வாய்ல வச்சிடாதீங்க, அங்க பிரஷர் ஆட்டம் ரொம்பக் கம்மி, சூடு காத்துல மைக்கும் போயிடும்.