பாதி பிரிண்டில் இங்க் தீர்ந்தால்: கேள்வி பதில்

பெரிய பிரிண்டர்களோடு 16 வருடம் போய்விட்டது. ஆப்பரேட்டராக ஆரம்பித்து, இப்போது மெஷின் மக்கர் செய்தால் கூப்பிடுகிற ஆளாக இருக்கிறேன். ஓடுகிற வேலையின் நடுவே கார்ட்ரிட்ஜ் மாற்றுவது பற்றி ஒரு தம்பி கேட்டார். அவர் வாய் திறந்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 36 இன்ச் மெஷினில் ஒரு பெரிய போஸ்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மெஜந்தா கலர் இங்க் தீர்ந்து நின்றுவிட்டது. மாற்றிப் போட்டேன், தானாகவே தொடர்ந்தது. ஆனால் நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே கலரும் கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு டூப்ளிகேட் இங்க் கொடுத்துவிட்டார்களா?

அந்தக் கோட்டுக்கும் புது இங்க்குக்கும் சம்பந்தமே இருக்க முடியாது, தம்பி. கார்ட்ரிட்ஜ் ஒரு மூலையில் இருக்கிறது, இங்க்கைத் தெளிக்கும் ஹெட் வேறு இடத்தில் ஓடுகிறது, நடுவில் டியூப். டியூபின் உள்விட்டம் 2 மி.மீ., நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மட்டும் சுமார் 9.4 மி.லி. பழைய இங்க் நிற்கும். ஹெட்டுக்கு முன்னால் இங்க் தங்கும் சின்ன அறையான டேம்பரில் இருப்பது தனிக் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு மெஜந்தா 2 அல்லது 3 மி.லி. செலவானால், புது இங்க் பேப்பரைத் தொடுவதற்குள் மூன்று நான்கு சதுர மீட்டர் ஓடியிருக்கும். உங்கள் போஸ்டர் அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

கோட்டைப் போட்டது நீங்கள் நிறுத்திய நேரம். ஹெட் ஒரே ஓட்டத்தில் ஒரு பட்டையை முடிப்பதில்லை. நான்கு, ஆறு, எட்டு பாஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து நிரப்புகிறது. வழக்கமாக ஈரத்தின்மேல் ஈரம் விழும். நடுவில் நின்றால், பாதி பாஸ் வாங்கிய பட்டை காய்ந்துவிடும். மிச்ச பாஸ் காய்ந்ததன்மேல் விழுந்து, புள்ளி பரவும் விதமே மாறிவிடுகிறது. சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு வந்து தொடர்ந்தால் சேர்மானம் தெரியுமே, அதேதான். இன்னொன்று, ஈரத்தில் லேசாக விரிந்த பேப்பர் காயும்போது சுருங்கும். அடுத்த நகர்வு மயிரிழை அளவு தப்பினாலும் வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ விழும்.

கீழே கலர் வேறாகத் தெரிந்தது, மேல்பகுதி காய்ந்தும் கீழ்ப்பகுதி ஈரமாகவும் இருந்ததால் இருக்கலாம். ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். கலர் ஒன்றாகிவிடும், கோடு மட்டும் நிற்கும் என்பது என் அனுமானம். மாற்றிய இடத்தில் ஒன்றுமில்லாமல், பல மீட்டர் தள்ளி மெல்ல மெல்லக் கலர் நகர்ந்தால் அப்போது இங்க்கைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு நேரம் நின்றால் கோடு தெரியும்?

எல்லா மெஷினுக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது. தண்ணீர் இங்க், கோட்டிங் பேப்பர் என்றால், ஒரு நிமிடத்துக்குள் மாற்றியது என் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிந்ததில்லை. ஐந்து நிமிடம் ஆனால் வானம், சாம்பல், ஒரே கலர் பின்னணி போன்ற இடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். இலை, கூட்டம், கல் தரை மாதிரி கசகசவென்ற படத்தில் அரை மணி நேரம் நின்றதுகூடத் தப்பித்திருக்கிறது.

தண்ணீருக்குப் பதில் கரைப்பான் கலந்த இங்க்கில் ஓடும், ஹீட்டர் உள்ள சால்வென்ட் மெஷினில் நிலைமை மோசம். நின்ற இடத்தில் வினைல் ஷீட் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும், அலையடிக்கும், ஹெட்டில் உரசவும் செய்யும். பாஸ் எண்ணிக்கை கூடுதலாக வைத்து ஓட்டினால் கோடு கொஞ்சம் மறையும், ஆனால் வேகம் போய்விடும்.

அதனால் புது கார்ட்ரிட்ஜைத் தேடுகிற வேலை மெஷின் நின்ற பிறகு நடக்கக்கூடாது. எச்சரிக்கை வந்த நொடியே எடுத்துவந்து, கலர் பெயரையும் மாடல் எண்ணையும் வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. நான் பார்த்த நீண்ட நிறுத்தங்களில் பாதி, பீரோ சாவி யாரிடம் என்று தேடியதால் வந்தவை.

கேள்வி: எங்கள் மெஷினில் ஓடும்போதே கழற்றலாம், நிறுத்தவே வேண்டாம் என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா சார்?

மாடலைப் பொறுத்தது. கேனான் இமேஜ்புரோகிராஃப் வகைகளில் கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்டுக்கும் நடுவே துணை டேங்க் உண்டு. பெரிய டேங்க் காலியானாலும் அதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், அந்த அவகாசத்தில் மாற்றிவிடலாம். மிமாக்கியில் ஒரே கலருக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ் போட்டால், ஒன்று தீர்ந்ததும் மற்றதற்குத் தானே தாவுகிற ஏற்பாடு இருக்கிறது. எப்சனின் பல பெரிய மாடல்களில் வேலையின் நடுவே மாற்றலாம் என்று கையேடே சொல்கிறது, காயும் விதத்தைப் பொறுத்து கலர் வேறாகத் தெரியலாம் என்ற எச்சரிக்கையோடு.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். ஓடும்போது மாற்றலாம் என்றால் கார்ட்ரிட்ஜ் கதவைத் திறக்கலாம் என்று அர்த்தம். ஹெட் ஓடுகிற முன்மூடியைத் திறந்தால் வேலையே ரத்தாகிவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு கலரை மட்டும் கழற்றுங்கள்.

கேள்வி: இன்னும் 12 சதுர மீட்டர் பாக்கி, மெஜந்தா 10 சதவீதம் காட்டுகிறது. முதலாளி கடைசிச் சொட்டு வரை ஓட்டு என்கிறார். போதுமா?

ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். படத்தை மெஷினுக்கு அனுப்பும் உங்கள் ரிப் மென்பொருளிலோ மெஷினின் வேலைப் பதிவிலோ, இதே மாதிரிப் படம் முன்பு எவ்வளவு குடித்தது என்று இருக்கும். 5 சதுர மீட்டருக்கு 14 மி.லி. மெஜந்தா போயிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 2.8. பன்னிரண்டுக்கு 33.6 மி.லி. உங்களுடையது 220 மி.லி. கார்ட்ரிட்ஜ் என்றால் 10 சதவீதம் என்பது 22 மி.லி. எட்டாவது சதுர மீட்டர் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பதற்கு இனிப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை, ஒரே கலர் பின்னணி முடிந்து கசகசவென்ற பகுதி வரும்போது நீங்களாகவே மாற்றிவிடுவது ஒரு வழி. அடுத்த முறை நீளமான வேலையை நிறைந்த கார்ட்ரிட்ஜில் தொடங்குங்கள். பாதி தீர்ந்ததை எடுத்துவைத்து, சின்ன வேலைகளில் போட்டுத் தீர்க்கலாம். மிச்ச அளவு பல மெஷின்களில் கார்ட்ரிட்ஜின் சிப்பிலேயே பதிந்திருப்பதால் மறுபடி மாட்டினால் சரியாகவே காட்டும். முதலாளிக்கும் ஒரு சொட்டு நஷ்டமில்லை.

ஆனால் இதையே சாக்காக வைத்து மணிக்கொரு தரம் கழற்றி மாட்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போக வழி கிடைக்கிறது.

கேள்வி: காலி என்று சொன்ன கார்ட்ரிட்ஜை ஆட்டிப் பார்த்தால் உள்ளே இங்க் கேட்கிறதே. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறானா?

இந்தச் சந்தேகம் எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. சிப் இங்க்கை அளப்பதில்லை, ஹெட் எத்தனை சொட்டு விட்டது என்று எண்ணிக் கழிக்கிறது. கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் நிறுத்துவார்கள், காரணம் காற்று. டியூபில் காற்று ஏறினால் அதை வெளியே தள்ள, மிச்சப்படுத்தியதைப்போல் பல மடங்கு இங்க் கிளீனிங்கில் போகும். இங்க்கைச் சூடாக்கி வெடிக்க வைக்கும் தெர்மல் ஹெட் வறண்டு ஓடினால் உள்ளே இருக்கும் சூடேற்றி கருகிவிடும். சூடில்லாமல் அழுத்தித் தள்ளும் பீசோ ஹெட் கருகாது, ஆனால் அறைக்குள் காற்று நின்றால் அந்த அழுத்தம் காற்றிலேயே வீணாகி சொட்டு வெளியே வராது.

மிச்சம் வைக்கும் அளவு நியாயமா என்றால், அதில் எனக்கும் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. சிப்பை ஏமாற்றி ஓட்டச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: குலுக்கிவிட்டுத்தான் போட வேண்டுமா?

பிக்மென்ட் என்றால் ஆமாம், மாட்டுவதற்கு முன் பக்கவாட்டில் மெதுவாக. அது கரைந்த சாயம் இல்லை, நுண்துகள், அடியில் தங்கும். வெள்ளை இங்க்கில் டைட்டானியம் டையாக்சைடு இருப்பதால் எல்லாவற்றையும்விட வேகமாக அடியில் இறங்கும். கரைந்த சாயமான டை இங்க்குக்கு அவசியமில்லை. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்தீர்களானால் குறைந்தது 4 மணி நேரம் அறைச்சூட்டில் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: மேடம் ஒருவர் கேட்கச் சொன்னார். சியான் (நீலக் கலர்) ஸ்டாக் இல்லை, நாளைக்குத்தான் வரும். காலியானதைக் கழற்றி எறிந்துவிட்டோம். ராத்திரி முழுக்க அந்த இடம் வெறுமையாக இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. குப்பையில் தேடி அந்தக் காலியையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள், வாயை மட்டும் பஞ்சு பிரியாத துணியால் துடைத்துவிட்டு. திறந்து கிடந்தால் மெஷினில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஊசியின் முனையில் இங்க் காய்ந்து கட்டியாகும், தூசியும் உட்காரும். புதியது கையில் வராமல் பழையதைக் கழற்றக்கூடாது.

கேள்வி: பாதுகாப்புக்காக மெஷினை ஆஃப் செய்துவிட்டு மாற்றினால்?

வேண்டாம். வேலையும் போகும், மறுபடி ஆன் செய்யும்போது சுத்தம் செய்கிறேன் என்று எல்லாக் கலரையும் கொஞ்சம் குடிக்கும். பிளக்கைப் பிடுங்குவது இன்னும் மோசம். ஹெட் மூடிக்குப் போகாமல் நடுவழியில் நின்று காய்ந்துபோகும்.

கேள்வி: மாற்றிய பிறகு தொடர்ந்தது, ஆனால் அரை மீட்டர் போனதும் கறுப்பில் லைன் விழ ஆரம்பித்தது. மூன்று முறை கிளீனிங் போட்டேன், நாசில் செக் (ஒவ்வொரு துளையும் அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை பிரிண்ட்) சுத்தமாக வருகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி லைன். ஹெட் போய்விட்டதா அண்ணா?

ஹெட்டை இப்போதே குற்றவாளியாக்காதீர்கள். அடைப்பு என்றால் நாசில் செக்கிலேயே அதே இடங்கள் எப்போதும் விடுபட்டிருக்கும். உங்களுடையது செக்கில் நன்றாக வந்து, அடர்த்தியான பகுதி ஓட ஓடக் கலைந்து, சற்று நிறுத்தினால் மறுபடி சரியாகிறது. இது இங்க் வரத்து போதாமை. சும்மா இருக்கும்போது டேம்பர் நிரம்பிக்கொள்கிறது, வேகமாகக் குடிக்கும்போது ஈடுகொடுக்க முடியவில்லை.

மாற்றியவுடன் ஆரம்பித்ததால் முதலில் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். கடைசி வரை அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா? வாயில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க மறந்தீர்களா? சிரிக்காதீர்கள், நானே இரண்டு தடவை மறந்திருக்கிறேன். பிறகு டியூபில் வெளிச்சம் பிடித்துக் காற்றுக்குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். குமிழி இருந்தால் அந்தக் கலரின் வரத்தை மட்டும் இழுத்து நிரப்ப வேண்டும். எல்லாக் கலருக்கும் கிளீனிங் மேல் கிளீனிங் போடுவது கழிவு டேங்கைத்தான் நிரப்பும்.

கேள்வி: அந்தக் கழிவு டேங்க் நிரம்பிவிட்டது என்று நடுவில் நின்றால் அதையும் ஓடும்போதே மாற்றலாமா?

ஓடும்போது தொடாதீர்கள். அந்த நேரம் கழிவு விழுந்துகொண்டிருந்தால் தரையெல்லாம் இங்க். மெஷின் நின்று, மாற்றச் சொல்லிக் கேட்ட பிறகு மட்டும்.

கேள்வி: எங்களுடையது பாட்டிலில் ஊற்றும் டேங்க். அவசரத்தில் லைட் சியான் (வெளிர் நீலம்) டேங்கில் சியானை ஊற்றிவிட்டேன். வேலை இன்னும் ஓடுகிறது. என்ன செய்வது?

படிக்கிற இந்த நிமிடமே நிறுத்துங்கள். நானும் ஒரு ராத்திரி இதையே செய்துவிட்டு, கொஞ்சம்தானே, கலந்துவிடும் என்று ஓடவிட்டேன். விடிவதற்குள் டியூப், டேம்பர், ஹெட் வரை ஏறிவிட்டது. அந்தக் கலரை முழுக்கக் காலி செய்து, கழுவி, நிரப்பி, தோல் நிறம் சரியாக வருவதற்கு இரண்டு நாள் ஆனது.

உடனே நிறுத்தினால் கலப்படம் டேங்கோடு நிற்கும். டேங்கை உறிஞ்சிக் காலி செய்து, கழுவி, சரியான இங்க்கை ஊற்றலாம். டியூபின் ஆரம்பத்தில் கொஞ்சம் அடர்த்தி தெரிந்தால் அதுவரை இழுத்துக் கொட்டிவிடுங்கள். நீங்கள் ஊற்றியது அதே வகை இங்க் என்பதால்தான் இவ்வளவு எளிது. தண்ணீர் இங்க்கில் சால்வென்ட்டை ஊற்றியிருந்தால் உள்ளேயே திரிந்து கட்டியாகியிருக்கும், நேராக மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

கேள்வி: யுவி இங்க் (புற ஊதா ஒளியில் இறுகும் இங்க்) மாற்றும்போது கையுறை போடச் சொல்கிறார்கள். உண்மையில் அவசியமா?

அவசியம். உறையாத யுவி இங்க் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் அதன்பின் லேசாகப் பட்டாலே கிளம்பும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கண்ணாடியும். வெயில் விழுகிற ஜன்னலோரம் வைத்துக் கழற்றாதீர்கள், சிந்தியது அங்கேயே இறுகிவிடும்.

கேள்வி: ஒரு சுவருக்கு ஆறு பேனல் ஒட்ட வேண்டும். நான்காவதின் நடுவில் தீரும் போலிருக்கிறது. எங்கே மாற்றுவது நல்லது?

மூன்று முடிந்து நான்கு தொடங்கும் முன். பேனலுக்கு நடுவில் விழும் கோட்டை மறைக்க வழியில்லை, இரண்டு பேனலுக்கு நடுவில் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருக்கிறது. அடுத்தடுத்து ஒட்டப்போகும் வரிசையிலேயே அடியுங்கள். முதல் பேனலும் ஆறாவதும் பக்கத்தில் வராது என்பதால், நடுவில் இங்க் லேசாக நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. மூன்றாவது பேனலின் கீழோரத்தில், வெட்டி எறியும் பகுதியில், ஒரு சின்னக் கலர் பட்டை சேர்த்து அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பட்டையை நான்கிலும் ஐந்திலும் அடித்து, காய்ந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆறாவதைத் தொடங்குங்கள்.