செய்தி சரியா, தப்பா: சர்க்கார் சொல்லலாமா?

தமிழக-கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளியில் முப்பது வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். மலைமேலும் கீழே கம்பம் ஊரிலும் இருக்கிறவர்கள் கேட்டதற்கு என் பதில்.

கே: பொய்ச் செய்தி போடுறவனை அரசாங்கமே பிடிச்சு உள்ளே வைக்கக் கூடாதாண்ணே?

எந்த அரசாங்கம், தம்பி? பெரியாறு அணை பலமா இருக்குன்னு சென்னை சொல்லுது, ஆபத்துன்னு திருவனந்தபுரம் சொல்லுது. 142 அடி தேக்கலாம்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சண்டை ஓயலை. அடிவாரத்துல தமிழ்நாட்டு லோயர் கேம்ப்பில் சரியா இருக்கிற செய்தி, மலையேறி செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்குள்ள போனா குற்றமாயிடும். வழக்காடுறவனையே தீர்ப்பும் சொல்லச் சொல்லலாமா?

கே: பத்திரிகைகள் மேல வர்ற புகாரை விசாரிக்க பிரஸ் கவுன்சில் இருக்கே சார்?

1978 சட்டப்படி அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. டிவி அதன் வரம்பிலேயே இல்லை.

கே: கேரளாவில் ஒரு சட்டம் வந்துச்சே?

2020 நவம்பரில், போலீஸ் சட்டத்தில் 118 ஏ. அவதூறு பரப்பினா மூணு வருஷம் வரை ஜெயில். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே வாபஸ். (இந்தப் பழக்கம் பழசு. திவானை விமர்சிச்சதுக்காக 1910-ல் நெய்யாற்றின்கரை ராமகிருஷ்ண பிள்ளைங்கிற பத்திரிகை ஆசிரியரைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் நாடு கடத்தி, அச்சகத்தையும் பிடுங்கிக்கிச்சு.)

கே: நீங்க தப்பே எழுதினதில்லையா?

எழுதியிருக்கேன். 2014 நவம்பர், 142 எப்போ தொடும்னு ஊரே காத்திருந்த ராத்திரி. செல்லில் சிக்னல் ஒரு கோடு, தகரக் கூரையில் மழை. அணையில் இருந்தவர் "நூத்து நாப்பத்தொண்ணு புள்ளி ஏழு"ன்னார். எனக்கு நாப்பத்திரெண்டுன்னு கேட்டுச்சு. திருப்பிக் கேக்கலை, அதுதான் என் தப்பு. காலையில் முதல் பக்கம். அணைக்குக் கீழே வல்லக்கடவில் ஆத்தோரம் இருந்த ஒரு பெரியம்மா, ரேஷன் கார்டை மடியில் கட்டி, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறிட்டாங்க. மறுநாள் திருத்தம் ஆறாம் பக்கத்தில், வரி விளம்பரத்துக்குக் கீழே, மூணு வரி. அந்தம்மா கண்ணில் அது எப்படிப் படும்?

கே: அப்போ என்னதான் வழி?

தப்பு வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் வரணும். அதைக் கேட்டு வாங்குற அதிகாரம் எந்த சர்க்காருக்கும் கட்டுப்படாத அமைப்புக்கு இருக்கட்டும். சர்க்காருக்கு அக்கறை இருந்தா, அணையின் நீர்மட்டத்தை மழைக்காலத்தில் மணிக்கொரு தரம் தமிழிலும் மலையாளத்திலும் குமுளி பஸ் ஸ்டாண்டில் எழுதிப் போடட்டும். நானும் போனில் காது கொடுத்துக்கிட்டு நிக்க வேண்டியிருந்திருக்காது.