கார்கள் கைவிட்ட கணவாய்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சுவிட்சர்லாந்தில் லுசர்ன் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் சைக்கிள் பயணக் கட்டுரைகளைப் படித்துத்தான் போன வருஷம் ஒரு ரோடு பைக் வாங்கினேன். ஏரிக்கரைச் சாலைகளில் ஓட்டிப் பழகிவிட்டு, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஸ்டன் கணவாய்க்குப் போனேன். ஏற்றத்தைச் சமாளித்துவிட்டேன். ஆனால் பின்னாலிருந்து வரிசையாக வந்த மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலைத் தாங்க முடியவில்லை. கையை உரசுவதுபோல முந்திக்கொண்டு போனார்கள். பாதியிலேயே திரும்பிவிட்டேன். இந்த வருஷம் மனைவியும் வர ஆசைப்படுகிறாள். அவளை அந்தச் சாலைக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆல்ப்ஸில் வண்டிகள் குறைந்த தார்ச்சாலைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

திரும்பி வந்தது சரியான முடிவு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சுஸ்டன் (2,224 மீட்டர்), ஃபுர்கா (2,429), கிரிம்சல் (2,164) மூன்று கணவாய்களும் ஒன்றோடொன்று வட்டமாகச் சேர்கின்றன. காலையில் கிளம்பி மூன்றையும் சுற்றிவிட்டுச் சாயங்காலத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பதால், கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே கூடிவிடுகிறார்கள். அதிலும் 1946-இல் திறக்கப்பட்ட சுஸ்டன் சாலை மோட்டார் வண்டிகளை மனத்தில் வைத்தே போடப்பட்டது. அதன் அகலமான வளைவுகள் யாரையும் வேகமாகப் போகத் தூண்டும். நீங்கள் போன கிழமையும் தவறு, போன இடமும் தவறு.

அமைதியான சாலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தேட நான் வைத்திருப்பது ஒரே ஒரு கேள்விதான். வரைபடத்தில் ஒரு மலைச்சாலையைப் பார்த்ததும், ஒரு கார்க்காரர் இந்த வழியாக வர என்ன அவசியம் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பேன். அவருக்குப் பக்கத்திலேயே சுரங்கமோ புதிய சாலையோ இருந்தால் பழைய சாலை நமக்கு மிச்சம். ஊருக்கு வெளியே பைபாஸ் வந்த பிறகு பழைய மெயின் ரோடு எப்படி ஓய்ந்துபோகிறதோ, அப்படித்தான் ஆல்ப்ஸின் பல பழைய கணவாய்ச் சாலைகளும் ஓய்ந்திருக்கின்றன.

கோத்தார்டு கணவாயின் தென்பக்கம் இறங்கும் ட்ரெமோலா சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1827-க்கும் 1832-க்கும் இடையில் குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்டது. ஒரு காலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைத்த முக்கியமான வழி. பிறகு அகலமான புதிய கணவாய்ச் சாலை வந்தது. 1980-இல் மலைக்கு அடியில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளத்துக்கு வாகனச் சுரங்கமும் திறந்தார்கள். அவசரக்காரர்கள் சுரங்கத்துக்குள் போய்விடுகிறார்கள், மலை பார்க்க வருகிறவர்கள் புதிய சாலையில் போகிறார்கள். ட்ரெமோலாவில் மிஞ்சுவது சைக்கிள்காரர்களும், பழைய சாலை பார்க்கவென்றே வருகிற சில கார்களும்தான். அந்தக் கார்களும் மெதுவாகத்தான் வரும். கல் பாவிய சாலையில் வேகமாக வர முடியாது.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவாய்க்குக் கீழே 24 வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல. சின்னச் சின்னக் கருங்கற்களைக் கையால் பதித்திருக்கிறார்கள். இடுக்குகளில் புல் முளைத்திருக்கும். ஒவ்வொரு வளைவையும் ஒரு கல்சுவர் தாங்கி நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சாலை கண்ணில் படாது, சுவர்கள் மட்டும் வரிவரியாகத் தெரியும். ஏறும்போது அதிர்வு மணிக்கட்டு வழியாகத் தோள்வரை வரும். அதனால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 இருந்தால் இன்னும் நல்லது. காற்றை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து கல் நனைந்திருந்தால் வழுக்கும். தென்பக்க அடிவாரத்து ஊரான ஐரோலோவிலிருந்து கணவாய்வரை ஏறக்குறைய 930 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள், சராசரிச் சரிவு 7 சதவீதத்தை ஒட்டியது. சுஸ்டனில் பாதிவரை போனவருக்கு இது முடியாத காரியம் இல்லை.

லுசர்னிலிருந்து உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2016-இல் கோத்தார்டு மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் திறந்த பிறகு வேக ரயில்கள் அதன் வழியாகப் போகின்றன. பழைய மலைப்பாதையில் இன்னமும் ஒரு ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து ஏறி ஐரோலோவில் இறங்குங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் வடக்கே இறங்கினால் ஆண்டர்மாட். அங்கிருந்து கோஷெனென்வரை ஷொலெனென் பள்ளத்தாக்குச் சாலையில் சைக்கிளில் போக வேண்டாம் என்பேன். சாலை குறுகல், வண்டிகளோ அதிகம். அந்தத் துண்டுக்குச் சின்ன ரயில் இருக்கிறது, ஏறிவிடுங்கள். கோடை விடுமுறையின் நெரிசல் நாட்களில் இந்தப் பக்கமே போகாதீர்கள். வாகனச் சுரங்கத்தின் வாசலில் கார்கள் மணிக்கணக்கில் தேங்கும், பொறுமை இழந்தவர்கள் மலைமேல் ஏற ஆரம்பிப்பார்கள்.

மனைவியோடு முதலில் போவதென்றால் என் தேர்வு குரோசே ஷைடெக். 1,962 மீட்டர். மைரிங்கெனில் தொடங்கி கிரிண்டெல்வால்டில் முடிகிறது. மைரிங்கெனுக்கு லுசர்னிலிருந்து நேராகவே ரயில் இருக்கிறது. ஷ்வார்ட்ஸ்வால்ட்ஆல்ப் என்ற இடம்வரை கார்கள் வரலாம். அதற்கு மேலே தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, பொதுப் பேருந்து மட்டும்தான் வரும். கணவாயைத் தாண்டி கிரிண்டெல்வால்டின் விளிம்புவரைக்கும் இதே கட்டுப்பாடு. ஒரு வண்டி அகலத்துக்குத் தார். இருபக்கமும் மேய்ச்சல். வெட்டர்ஹோர்ன் சிகரம் தலைக்கு நேர்மேலே நிற்கும். உங்கள் மூச்சுச் சத்தமும் மாட்டுமணிச் சத்தமும் தவிர வேறெதுவும் காதில் விழாத நீண்ட துண்டுகள் இதில் உண்டு. இரைச்சலுக்குப் பயந்து திரும்பிய ஒருவர் இதை ஒருமுறை அனுபவித்தே ஆக வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இது சுலபமான ஏற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். 1,350 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், சில இடங்களில் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், பின்னால் ஹார்ன் அடித்து அவசரப்படுத்த யாரும் இல்லை. பேருந்து மட்டும் வரும்போது மூன்று சுரத்தில் ஹார்ன் கேட்கும். வளைவுக்கு முன்னால் அது கேட்டதும் ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். அந்தச் சாலையில் முதல் உரிமை அதற்குத்தான். குறுக்கே மாடு தாண்டாமலிருக்க இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், அவற்றை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் நழுவும். இறக்கத்தில் வளைவுகளில் ஈரச் சாணி கிடக்கும். பார்த்து.

சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிராவ்பூண்டன் மாநிலத்தில் ஆல்புலா கணவாய் (2,315 மீட்டர்) இருக்கிறது. அப்பாலிருக்கும் எங்கடீன் பள்ளத்தாக்குக்குப் போகும் கார்கள் பெரும்பாலும் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் யூலியர் கணவாய் வழியாகப் போய்விடுகின்றன. பக்கத்துக் கணவாய் பளுவைத் தாங்குவதால் இது இளைப்பாறுகிறது. குளிர்காலத்தில் ப்ரேடாவுக்கும் பெர்கூனுக்கும் நடுவே இதே சாலையை மூடிப் பனிச்சறுக்கு வண்டி விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்கூனிலிருந்து ஏறும்போது கூடவே 1903-இல் திறந்த ரயில்பாதையும் ஏறும். ஒரே ரயில் ஒருமுறை கீழே தெரியும், கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப்பக்கம் மேலே தெரியும். மலைக்குள் சுழன்று சுழன்று ஏறுகிறது. கால் வலியை மறக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிரான்ஸ் பக்கம் போனால் மோரியேன் பள்ளத்தாக்கில் மோன்வெர்னியே சாலையைப் பாருங்கள். 3.4 கிலோமீட்டருக்குள் பதினேழு பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். நெடுஞ்சாலை கீழே பள்ளத்தாக்கோடு போய்விடுகிறது, மேலே வசிக்கிறவர்களைத் தவிர இதில் ஏற வேண்டிய அவசியம் அதிகம் பேருக்கு இல்லை. இத்தாலியின் புகழ்பெற்ற ஸ்டெல்வியோ கணவாய்மேல் ஆசை இருந்தால், அதற்கென்று ஆண்டில் ஒருநாள் மோட்டார் வண்டிகளை நிறுத்திச் சைக்கிள்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அன்றைக்குப் போங்கள். மற்ற நாட்களில் அந்தப் புகழை மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

அப்புறம், நேரம். ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காது என்றால் விடிகாலையில் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் காலை உணவை முடித்துக் கிளம்பும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். உயரமான கணவாய்கள் பொதுவாக ஜூனிலிருந்து அக்டோபர்வரைதான் திறந்திருக்கும். செப்டம்பர் நாட்களில் கூட்டம் குறையும். எனக்குப் பிடித்த மாதம் அதுதான். கோடையிலும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுக் கையுறையும் பையில் இருக்கட்டும். வியர்வையோடு இறங்கினால் பிரேக் பிடிக்க விரல் மடங்காது.

சுவிட்சர்லாந்தில் வழி தேடச் சிவப்புப் பலகைகளை நம்பலாம். வெளிர்நீலக் கட்டத்தில் எண் போட்டிருப்பது சைக்கிள் வழி. பாசலிலிருந்து கியாசோவரை போகும் 3-ஆம் எண் வழி ட்ரெமோலா வழியாகவே போகிறது. பச்சைப் பலகையில் வெள்ளைக் கார் படம் பார்த்தால் அந்தச் சாலையில் நுழையாதீர்கள், அது சைக்கிளுக்கு அனுமதி இல்லாத இடம். கிளம்புவதற்கு முதல்நாள் கணவாய் திறந்திருக்கிறதா என்றும், ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

மைரிங்கெனில் தொடங்குவதானால் மனைவிக்கு மின்சைக்கிள் வாடகைக்கு எடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். முதல் மலையிலேயே ஒருவர் முன்னால் காத்திருக்க, இன்னொருவர் பின்னால் திணறுவது இருவருக்கும் கஷ்டம். போய்வந்து இருவருமே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா