முதல் நாள் டோஸைச் சிறுநீரகத்திடம் கேட்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக இருக்கிறேன். பார்ம்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாளைக்கு முன் ஓசூரிலிருந்து 68 வயது அம்மா ஒருவரைக் கொண்டுவந்து ஐசியுவில் சேர்த்தார்கள். எடை 52 கிலோ. சிறுநீர்த் தொற்று, குளிர் ஜுரம், பிபி இறங்கியிருந்தது. சிறுநீரகம் கெடக் கெட ஏறும் கிரியாட்டினின் 2.6. மூன்று மாதத்துக்கு முன் அது 0.8 தான். கணக்குப் போட்டு, ஆன்டிபயாடிக் மெரோபெனம் 500 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்று சொன்னேன். டாக்டரும் அப்படியே எழுதினார். இன்று கிரியாட்டினின் 1.1-க்கு வந்துவிட்டது, சிறுநீரும் நன்றாகப் போகிறது, ஆனால் ஜுரம் விடவில்லை. ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) க்ளெப்சியெல்லா பாக்டீரியா, மெரோபெனம் எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) 1, சென்சிட்டிவ், அதாவது மருந்துக்கு அடங்கும். கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டின் சேர்க்கலாமா என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். நான் சொன்ன டோஸ் தப்பா மேடம்? குறைந்த டோஸால் கிருமிக்கு ரெசிஸ்டன்ஸ் வந்திருக்குமா? மருந்துப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, நாம் அன்றே போனில் பேசிவிட்டோம். இதே இடத்தில் வருடா வருடம் யாராவது தடுக்கி விழுகிறார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காததை முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம். உங்கள் பட்டியலின் ஆறாவது வரியில் சோடியம் வால்ப்ரோயேட் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பழைய வலிப்பு நோய். மெரோபெனம் ஏறிக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் வால்ப்ரோயேட் நிற்காது. ஓரிரு நாளிலேயே தடாலென்று சரிந்துவிடும். வால்ப்ரோயேட் டோஸைக் கூட்டியும் பிரயோஜனமில்லை. மெரோபெனம் தொடர்ந்தே ஆக வேண்டும் என்றால் லெவெடிராசெட்டம் மாதிரி வேறொரு வலிப்பு மருந்து வேண்டும், அதற்கும் சிறுநீரகக் கணக்கு உண்டு. மெரோபெனத்தை நிறுத்தின பிறகும் வால்ப்ரோயேட் பழைய அளவுக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் மாற்று மருந்தை உடனே நிறுத்திவிடக் கூடாது. டோஸ் சரியா தப்பா என்று மூன்று நாளாக யோசித்த நாம் இரண்டு பேரும் இந்த வரியை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் பார்த்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சரி, டோஸுக்கு வருவோம்.

உங்கள் கணக்கில் தப்பில்லை. காக்ராஃப்ட், கால்ட் இருவரும் 1976-ல் கொடுத்த சூத்திரப்படி, 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 17 மில்லி என்று வருகிறது. 10 முதல் 25 வரை என்றால் 500 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மெரோபெனம் டோஸ் அட்டவணையே சொல்கிறது. நானும் ஒரு காலத்தில் அந்த அட்டவணையை லேமினேட் செய்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவள்தான். ஓரம் பிய்ந்து போகிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

தப்பு வேறு இடத்தில். கிரியாட்டினின் ஒரே நிலையில் இருக்கும்போதுதான் அந்தச் சூத்திரம் நம்பக்கூடியது. ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் அது காட்டுவது நேற்றைய சிறுநீரகத்தை. அட்டவணையும் பெரும்பாலும் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டு ஒரே அளவில் நின்றுவிட்டவர்களை வைத்துப் போட்டது. தொற்றோடு வந்து, பிபி இறங்கி, தண்ணீர் வற்றி அடிபட்ட சிறுநீரகம் அந்த ரகம் இல்லை. 2019-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொற்றோடு சேரும்போதே சிறுநீரகம் அடிபட்டிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அது தேறிவிட்டது. உங்கள் நோயாளியும் அந்தப் பாதியில் ஒருவர். மூன்று மாதத்துக்கு முன் 0.8 என்று கையில் ரிப்போர்ட் இருந்ததே, அதுதான் முதல் நாள் கிடைத்த துப்பு.

இன்னொன்று. பெங்களூரில் குடியிருக்கிற உங்களுக்கு, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வராத நாளில் டேங்கர் வருகிறது. எத்தனை லிட்டர் ஊற்றினால் சம்ப் நிரம்பும் என்பதைத் தீர்மானிப்பது சம்ப்பின் அளவு. வீட்டில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்பது, அடுத்த டேங்கரை எப்போது கூப்பிட வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கும். முதல் டோஸும் அப்படித்தான். அது உடம்பில் மருந்து பரவும் நீரின் அளவைப் பொறுத்தது. தொற்றால் உடம்பே நிலைகுலைந்த செப்சிஸ் நோயாளிக்கு லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றியிருப்பதால் அந்த அளவு வழக்கத்தைவிடப் பெரிது. சிறுநீரகம் கெட்டிருந்தால் சம்ப் சிறிதாகிவிடாது. வான்கோமைசினுக்குக் கிலோவுக்கு 20 முதல் 35 மி.கி. வரை லோடிங் (முதலில் கொடுக்கும் பெரிய டோஸ்) கொடுப்பதும், கொலிஸ்டினுக்கு 90 லட்சம் யூனிட் லோடிங் கொடுப்பதும், சிறுநீரகம் எப்படி இருந்தாலும் மாறாமல் இருப்பது இதனால்தான்.

ஆக, மெரோபெனத்துக்கு என் வழக்கம் இது. முதல் டோஸ் முழு 1 கிராம், அரை மணி நேரத்தில். முதல் 24 முதல் 48 மணி நேரம் குறைக்காமல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. அதற்குள் கிரியாட்டினின் எந்தப் பக்கம் போகிறது, சிறுநீர் மணிக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். தேறவில்லை என்றால் அப்புறம் குறைக்கலாம். ஒரு நாள் கூடுதலாகப் போன மெரோபெனத்தால் பெரிய கெடுதல் வருவது அபூர்வம். ஒரு நாள் குறைவாகப் போனால், அதுவும் கிருமி எதுவென்றே தெரியாத நாளில் குறைந்தால், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இதை எல்லா மருந்துக்கும் சூத்திரமாக்கிவிடாதீர்கள். செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக் சிறுநீரகம் கெட்டவரிடம் தேங்கினால் மூளையைக் குழப்பும். நோயாளி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அமிக்காசினில் முதல் டோஸைக் குறைக்க மாட்டோம், ஆனால் இரண்டாவதற்கு முன் யோசிப்போம். செஃப்ட்ரியாக்சோனுக்குப் பொதுவாகச் சிறுநீரகக் கணக்கே தேவையில்லை, அதையும் பாதியாக்கி எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மூன்று நாளும் அந்த அம்மாவுக்கு மருந்தே போய்ச் சேரவில்லையா? இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து 20 லிட்டரில் பரவுகிறது என்றால் 500 மி.கி. போட்டதும் லிட்டருக்கு 25 மி.கி. சிறுநீரகம் தேறிவரும் நிலையில் அரை ஆயுள் (மருந்து பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 2 மணி நேரம். 25-லிருந்து எம்ஐசி அளவான 1-க்கு இறங்க 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். 12 மணி நேரத்தில் முக்கால் பங்கு நேரம் மருந்து எம்ஐசிக்கு மேலேயே இருந்திருக்கிறது. மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகைக்கு 40 சதவீத நேரம் என்பது பாடப்புத்தக இலக்கு, அது தாண்டிவிட்டது. ஐசியு நோயாளிக்குப் பலரும் எம்ஐசியின் நான்கு மடங்கைக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் 44 சதவீதம்தான் தேறுகிறது. இதே இடத்தில் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் 90 சதவீதம். முதல் நாள் சிறுநீரகம் மெதுவாக இருந்தபோது மருந்து இன்னும் அதிக நேரம் தங்கியிருக்கும். ஆகவே குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டோஸ் சுமார், படுமோசம் இல்லை. கிருமியின் எம்ஐசி 8 ஆக இருந்திருந்தால் கதை வேறு. முதல் நாள் அது நமக்குத் தெரியாது என்பதுதான் முழு டோஸுக்கான காரணமே.

இந்தக் கணக்கை நான் போட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. மருந்து சுமாராகவாவது எட்டியிருந்தும் மூன்றாம் நாள் ஜுரம் விடவில்லை என்றால் பழியை டோஸ் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறதா, சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கிறதா, எத்தனை நாளான கதீட்டர்? ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடைப்புக்குப் பின்னால் தேங்கின சீழுக்குள் எந்த டோஸும் ஒழுங்காகப் போகாது. கொலிஸ்டினுக்கு முன் அல்ட்ராசவுண்ட்.

கொலிஸ்டின் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இப்போதுதான் தேறின சிறுநீரகத்தின் மேல் அதைப் போடுவது வெந்த புண்ணில் வேல். தவிர, ‘கொலிஸ்டின் சென்சிட்டிவ்’ என்று உங்கள் லேப் எழுதியிருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். தானியங்கி மெஷின் தரும் கொலிஸ்டின் எண்ணை நம்ப முடியாது. ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ, 2020-ல் கொலிஸ்டினுக்கு ‘சென்சிட்டிவ்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது.

ஆனால் அந்த ‘எம்ஐசி 1’ என்னை உறுத்துகிறது. சிஎல்எஸ்ஐ கணக்கில் க்ளெப்சியெல்லாவுக்கு 1 வரை சென்சிட்டிவ், 2 நடுவில், 4 முதல் ரெசிஸ்டன்ட். ரிப்போர்ட்டில் எஸ் என்று அச்சாகியிருப்பது சரிதான். ஆனால் மெரோபெனத்தைத் துளியும் எதிர்க்காத க்ளெப்சியெல்லாவின் எம்ஐசி பெரும்பாலும் 0.12-க்குக் கீழே இருக்கும். 1 என்றால் அது ஏதோ ஏற்பாட்டோடு வந்திருக்கிறது. கார்பபெனங்களை உடைக்கும் ஆக்ஸா-48 வகை நொதி வைத்திருக்கும் கிருமிகள் இப்படித்தான், சாதுவான எண்ணோடு ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். இந்தச் சோதனையில் ஒரு படி முன்பின் வருவதும் சகஜம். இன்று 1, நாளை அதே கிருமி 2. மைக்ரோபயாலஜிக்குப் போன் செய்து கார்பபெனமேஸ் (அப்படி உடைக்கும் நொதி) சோதனை கேளுங்கள். ஆக்ஸா-48 என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். என்டிஎம் என்ற இன்னொரு நொதி என்றால் அவிபாக்டமுக்கு அது அடங்காது, கூடவே அஸ்ட்ரியோனாம் வேண்டும். அப்படி மருந்து மாறினால் வால்ப்ரோயேட் தலைவலியும் கூடவே தீரும். மெரோபெனம் 1, ஜென்டாமைசின் 0.5 என்று இருந்தால் சின்ன எண்தான் நல்ல மருந்து என்று யாராவது சொன்னால், அன்போடு உட்காரவைத்துப் புரியவையுங்கள். ஒரு மருந்தின் எம்ஐசியை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று நாள் குறைந்த டோஸால் என்டிஎம் ஜீன் முளைத்துவிடாது. அது பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏறி கிருமியிலிருந்து கிருமிக்கும், கழுவாத கையில் ஏறி கட்டிலிலிருந்து கட்டிலுக்கும் போவது. டெல்லி பேரைச் சுமக்கும் அந்த நொதி முதலில் அடையாளம் காணப்பட்டது, 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன்காரர் ஒருவரின் க்ளெப்சியெல்லாவில். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-ல் வெளிவந்து இங்கே பெரிய சண்டையைக் கிளப்பின கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னை ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. குறைந்த டோஸ் செய்வது வேறு வேலை. கூட்டத்தில் ஏற்கெனவே கொஞ்சம் திமிரோடு இருக்கும் கிருமிகளை, உதாரணமாக மருந்து நுழையும் துளையை அடைத்துக்கொண்டவற்றை, சாகாமல் விட்டுவைக்கிறது. மற்றவை செத்த இடத்தில் இவை குடியேறும். உங்கள் நோயாளியிடம் அது நடந்ததா என்று தெரிய வேண்டுமானால் இன்றே ரத்தக் கல்ச்சரைத் திரும்ப அனுப்பி, எம்ஐசி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், நம் வார்டுகளில் ரெசிஸ்டன்ஸைக் கூடுதலாக வளர்ப்பது தேவையில்லாமல் நீளும் நாட்கள். மருந்து ஓடுகிற ஒவ்வொரு நாளும் குடலில் உள்ள கிருமிகளுக்கும் பாடம் நடக்கிறது. டோஸில் கஞ்சத்தனம் வேண்டாம், நாளில் கஞ்சத்தனம் வேண்டும். 2024-ல் வந்த பேலன்ஸ் ஆய்வில், ரத்தத்தில் கிருமி ஏறியவர்களுக்கு 7 நாள் சிகிச்சை 14 நாளுக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால் அடைப்போ சீழோ இருந்தால், அதை எடுத்துவிட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

இன்றைக்கு டோஸ். 1.1-ஐப் போட்டால் சூத்திரம் 40 சொல்கிறது. அட்டவணை 12 மணி நேரத்துக்கு 1 கிராம் என்கிறது. கிரியாட்டினின் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே உண்மையான சிறுநீரகம் 40-ஐவிட நன்றாக இருக்கிறது. 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் 3 மணி நேரம் ஓடும்படி கேளுங்கள். நீண்ட இன்ஃப்யூஷனிடமும் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். 24 மணி நேரமும் தொடர்ந்து ஓடவிட்ட பிளிங்-3 ஆய்வில் 90 நாள் இறப்பு 24.9 சதவீதம், விட்டு விட்டுக் கொடுத்ததில் 26.8, அந்த வித்தியாசம் உறுதியானது என்று சொல்லுமளவுக்கு இல்லை. ஆனால் எம்ஐசி ஓரத்தில் நிற்கும்போது செலவில்லாத உதவியை விடுவானேன்?

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று போனில் தயங்கினீர்கள். எங்கள் ஐசியுவில் கன்னடத்தில் ஆரம்பித்து, இங்கிலீஷில் வாதாடி, கேன்டீனில் தமிழில் புலம்பி முடிப்போம். ‘நேற்றைய டோஸ் தப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள். “சார், அன்னைக்கு 17 இருந்தது, இன்னைக்கு 40-க்கு மேல போயாச்சு, டோஸை ஏத்திடலாமா? ராத்திரி டோஸ் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஒண்ணு போட்டுடலாம்” என்றால் போதும். 17-க்கு டோஸ் சொன்னது நீங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பேச்சு சுலபமாகும்.

டாக்டர் சம்மதித்ததும் வேலை முடிந்தது என்று உங்கள் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். 100 மில்லி பாட்டில் காலியானதும் பம்ப் கத்தும், சிஸ்டர் லைனைக் கழற்றிவிடுவார். அந்தக் குழாய்க்குள் 15 மில்லி வரை மருந்து நிற்கும். ஆறு டோஸ் கொடுத்தால் கிட்டத்தட்ட ஒரு டோஸ் குப்பைத் தொட்டிக்கு. பின்னாலேயே கொஞ்சம் சலைனை அதே வேகத்தில் ஓடவிடச் சொல்லி, ஆர்டரிலேயே எழுத வையுங்கள்.